வயதானவரின் கல்லீரலில் கட்டி: பெயர் தெரியும் வரை

ஏற்காட்டிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ பெரியவர் ஒருவரைச் சேலத்துக்குக் கூட்டி வரும் வீட்டாரின் கையில் முதலில் ஒரு தாள்தான் இருக்கும். வயிற்று ஸ்கேன் அறிக்கை. ‘கல்லீரலின் வலது மடலில் 6 செ.மீ. கட்டி, மேற்பரிசோதனை தேவை’ என்று கடைசி வரி. உடனே வரும் கேள்வி: “கேன்சருங்களா?” நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவரை அதிகம் அலைக்கழிப்பது அடுத்த கேள்வி. கேன்சர் என்றால், எந்தக் கேன்சர்?

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லாத ஒரு பெரியவரின் கல்லீரலில் காணும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவையே அல்ல. பெருங்குடல், இரைப்பை, கணையம், நுரையீரல், மார்பகம் என்று எங்கிருந்தோ ரத்தத்தில் வந்து தங்கியவை. கல்லீரலிலேயே பிறப்பவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கும் அதற்கு மேலும் ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா, அதாவது கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்று. அடுத்த இடம் பித்தநாளப் புற்றுக்கு. இவை இரண்டும் போக மிஞ்சுகிற சிறு கூட்டம்தான் அபூர்வ வகை: முன்னவை இரண்டும் ஒரே கட்டியில் கலந்திருப்பது, ரத்தக்குழாயின் உள்ளுறையில் தோன்றும் ஆஞ்சியோசர்கோமா, அதே உள்ளுறையில் தோன்றி மெதுவாக வளரும் எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா, கல்லீரலில் மட்டும் தொடங்கும் லிம்போமா என்ற நிணநீர் செல் புற்று, ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி.

“எதுவா இருந்தா என்னங்க, எல்லாம் கேன்சர்தானே” என்று சொல்கிறவர்கள் உண்டு. லிம்போமா என்றால் கத்தி வைக்க வேண்டியதே இல்லை. மருந்திலேயே முழுக்கக் கரையும் வாய்ப்பு உண்டு, எழுபது வயதிலும். நியூரோஎண்டோகிரைன் கட்டி மெதுவான தரத்தில் இருந்தால் மாதம் ஒரு ஊசியோடு வருடக்கணக்கில் ஓட்டலாம். எபிதீலியாய்டு வகையில் சிலருக்குச் சிகிச்சையே தொடங்காமல் கண்காணிப்பார்கள். ஆஞ்சியோசர்கோமா என்றால் நாள்களும் வாரங்களும் முக்கியம். ஹெப்பட்டோசெல்லுலாருக்கும் பித்தநாளப் புற்றுக்கும் கொடுக்கிற மருந்துகளே வேறு வேறு. பெயர் தெரியாமல் மருந்தைத் தொடங்குவது முகவரி எழுதாத கவரைத் தபால் பெட்டியில் போடுவது போலத்தான்.

ஆரம்ப அறிகுறிகளில் நம்பிப் பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. “வயித்துல கனமா இருக்குது”, “சோறு எறங்க மாட்டேங்குது” என்பார்கள். கேஸ் என்று நினைத்துப் பேன்டோபிரசோல் மாத்திரை இரண்டு மாதம் ஓடும். வேட்டி இடுப்பில் நிற்காமல் போனதை வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். காமாலை வந்தால் கீழாநெல்லி. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: இருபது வயதில் வரும் காமாலை பெரும்பாலும் வைரஸ் காமாலை, தானாகவே இறங்கும், அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போகும். எழுபது வயதில் வலியில்லாமல், அரிப்போடு, மலம் களிமண் நிறத்தில் வெளுத்து வரும் காமாலை அடைப்புக் காமாலை. ஸ்கேன் எடுக்காமல் ஒரு வாரம்கூடப் பத்தியம் இருக்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் எல்லாரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டையும்தான் பார்க்கிறார்கள். கல்லீரலுக்குள் கட்டி இடம் பிடிக்கும்போது அவை ஏறாமலே இருக்கலாம். காமாலையைக் காட்டும் பிலிருபின் சரியாக இருக்க, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. என்ற வேறு இரண்டு நொதிகள் மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஏறி நின்றால் அதுதான் தடயம். கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்த்துவிட வேண்டும். எல்.டி.எச். என்ற நொதி மிக அதிகமாக இருந்தால் லிம்போமாவை மனதின் ஓரத்தில் வைக்கலாம். வேறு காரணம் தெரியாமல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால் ஆஞ்சியோசர்கோமாவை. அந்தக் கட்டி தனக்குள்ளேயே ரத்தத்தை உறைய வைத்துத் தட்டணுக்களைத் தின்றுவிடும்.

நம் ஊரில் முதலில் தப்பு நடக்கும் இடம் சீழ்க்கட்டி. அமீபாவால் வரும் கல்லீரல் சீழ்க்கட்டி இந்தப் பக்கம் சாதாரணம், குடிப்பழக்கம் உள்ள ஆண்களிடம் கூடுதல். நடுப்பகுதி அழுகிய புற்றுக்கட்டியும் ஸ்கேனில் அதே மாதிரி தெரியும். காய்ச்சலும் வரும், வெள்ளணுக்களும் ஏறும். அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. எதை வைத்து முடிவெடுப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். உண்மையான அமீபா சீழ்க்கட்டியில் மூன்று நான்கு நாளில் காய்ச்சலும் வலியும் இறங்கும். ஸ்கேனில் குழி சுருங்குவதற்கோ மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இரண்டு வாரத்தில் அளவு குறையவில்லை என்பது பயப்படக் காரணம் இல்லை. ஒரு வாரத்தில் காய்ச்சலும் பசியும் மாறவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். ஊசி போட்டுச் சீழ் எடுத்தால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிற்கக் கூடாது. அதில் கொஞ்சம் செல் பரிசோதனைக்கும் போக வேண்டும். குழியின் சுவர் தடித்திருந்தால் அந்தச் சுவரிலிருந்தே சதை எடுக்க வேண்டும். நீர்க்கட்டி போலத் தெரிந்து உள்ளே மடிப்பு மடிப்பாகச் சவ்வு இருந்தால் ஊசியே போடாமல் முதலில் ஹைடாடிட் என்ற நாடாப்புழு நீர்க்கட்டிக்கான ரத்தப் பரிசோதனை.

அடுத்தது சி.டி. ‘வயிற்று சி.டி.’ என்று மட்டும் எழுதினால் போதாது; ‘கல்லீரல் ட்ரைஃபேசிக்’ (மூன்று நிலைகளில் எடுப்பது) என்று சீட்டில் இருக்க வேண்டும். ரத்தக்குழாய்களைப் படத்தில் ஒளிர வைக்கும் மருந்தை ஏற்றுவதற்கு முன் ஒரு முறை, ஏற்றி ஏறக்குறைய 35ஆவது விநாடியில் தமனி நிலை, 70ஆவது விநாடியில் சிரை நிலை, 3 முதல் 5 நிமிடத்தில் தாமத நிலை. கட்டியின் பெயருக்கான தடயம் முழுவதும் இந்த நேர இடைவெளிகளில்தான் ஒளிந்திருக்கிறது. சிரை நிலை மட்டும் எடுத்த சி.டி.யில் கட்டி இருப்பது தெரியும், குணம் தெரியாது. மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி மருந்து, மறுபடி செலவு.

பெரியவர்களிடம் இந்த ஸ்கேன் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். மருந்து விநாடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகத்தில் போக வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் பிங்க் நிற 20 கேஜ் ஊசியாவது வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று புறங்கையில் அதைவிட மெல்லிய நீல நிற 22 கேஜ் போட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். தமனி நிலை மங்கிப்போகும். மூச்சு அடக்குவது இன்னொரு சிக்கல். “மூச்சை இழுத்து நிறுத்துங்க” என்ற பதிவுக் குரல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வந்தால், காது மந்தமான தாத்தா அதற்குள் இரண்டு முறை மூச்சு விட்டுவிடுவார். மேசையில் படுக்க வைப்பதற்கு முன்பே வெளியே உட்கார்ந்து 15 விநாடி மூச்சடக்கி மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எம்.ஆர்.ஐ.க்கு இது இன்னும் அவசியம்.

ஏற்றிய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதுவும் இங்கே ஏமாற்றும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த எண்ணான கிரியாட்டினின் 1.2 என்றால் ‘நார்மல்’ என்று விடுவார்கள். 72 வயது, 45 கிலோ எடை என்று சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கில் போட்டுப் பாருங்கள்: ஆணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 35 மி.லி., பெண்ணுக்குச் சுமார் 30. சதை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் குறைவாகத்தான் உற்பத்தியாகும், அதனால் எண் நல்லதாகத் தெரிகிறது. இதற்காக ஸ்கேனையே தள்ளிப்போட வேண்டாம். உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு எடுக்கலாம். ஏற்காட்டிலிருந்து விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி மத்தியானம் வரை காத்திருப்பதுதான் கெடுதல். நான்கு மணி நேரம் திட உணவு இல்லாமல் இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கலாமா என்று ஸ்கேன் சென்டரில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

படம் என்ன சொல்லும்? ஹெப்பட்டோசெல்லுலார் கட்டி தமனி நிலையில் பளிச்சென்று ஒளிரும். சிரை நிலையிலும் தாமத நிலையிலும் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவரிடம் இந்தக் கோலம் முழுமையாக இருந்தால் சதை எடுக்காமலே பெயர் வைத்துவிடலாம். கவனிக்க வேண்டியது அந்த நிபந்தனை. கல்லீரல் ஆரோக்கியமாக இருக்கும் பெரியவரிடம் அதே கோலத்தைப் பார்த்துவிட்டுச் சதைப் பரிசோதனையைத் தவிர்ப்பது பிழை. அபூர்வ வகைகள் நழுவிப் போகும் பெரிய ஓட்டை இது என்பது என் கணிப்பு.

பித்தநாளப் புற்று முதலில் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்து, தாமத நிலையில் உள்ளே மெல்ல மெல்ல நிறையும். உள்ளே நார்ச்சதை அதிகம் என்பதால் அப்படி. கல்லீரலின் மேற்பரப்பை உள்ளுக்கு இழுத்துச் சுருக்கியும் இருக்கும். எபிதீலியாய்டு வகையும் மேற்பரப்பை இழுக்கும், ஆனால் ஒன்றாக இல்லாமல் ஓரம் நெடுகப் பல கட்டிகளாக நின்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு சிரை கட்டியின் விளிம்பு வரை வந்து குச்சிமிட்டாய்க் காம்பு போல நின்றுவிடுவது இதற்கே உரிய காட்சி. லிம்போமாவில் கட்டிக்குள்ளே ரத்தக்குழாய்கள் வளையாமல் நெளியாமல் நேராக ஊடுருவிப் போகும்.

ஆஞ்சியோசர்கோமாதான் மிக மோசமான மாறுவேடக்காரன். தீங்கில்லாத ரத்தக்குழாய்க் கட்டியான ஹீமாஞ்சியோமா போலவே தோன்றும். ஹீமாஞ்சியோமா ஓரத்தில் முடிச்சு முடிச்சாக ஒளிர்ந்து, மகாதமனியின் அதே பிரகாசத்தில், உள்நோக்கி நிறையும். ஆஞ்சியோசர்கோமாவில் ஒளி நடுவிலிருந்தும் கண்ட இடத்திலிருந்தும் தொடங்கும், தமனியின் பிரகாசத்தோடு ஒத்துப்போகாது, பல கட்டிகளாக இருக்கும், மண்ணீரலிலும் புள்ளிகள் தெரியலாம். ‘பல ஹீமாஞ்சியோமா’ என்று அறிக்கை வந்து, ஆறு வாரத்தில் அவை வளர்ந்திருந்தால் அந்த அறிக்கையை நம்பக் கூடாது.

இந்த வகைக்கு மட்டும் தொழில் வரலாறு கேட்பது பலன் தரும். 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பி.வி.சி. ஆலையில் வேலை பார்த்தவர்களிடம்தான் வைனைல் குளோரைடுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. ஆபத்து அந்த வாயுவைப் பிசினாக மாற்றும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு, வீட்டுக்கு பி.வி.சி. பைப் போடும் பிளம்பருக்கு அல்ல. நீண்டகால ஆர்சனிக்கும் காரணம் ஆகலாம். அதனால் பெரியவர் வருடக்கணக்கில் சாப்பிட்ட நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் லேபிள் இல்லாத பாட்டில்களையும் வெட்கப்படாமல் கொண்டு வந்து காட்டுங்கள். பாஷாணம் சேர்ந்த மருந்தாக இருக்கலாம். மருத்துவர் திட்டுவார் என்று மறைத்தால் ஒரு தடயம் போய்விடும்.

கட்டிக் குறியீடுகள் என்று ரத்தத்தில் பார்ப்பவை துணைச் சாட்சிகள்தான். ஏ.எஃப்.பி. என்ற புரதம் மி.லி.க்கு 400 நானோகிராமுக்கு மேல் இருந்தால் ஹெப்பட்டோசெல்லுலார் பக்கம் சாயும். ஆனால் அந்தப் புற்று இருந்தும் ஏ.எஃப்.பி. ஏறாத நோயாளிகள் ஏராளம். சி.ஏ. 19-9 என்ற குறியீடு பித்தநாளப் புற்றில் ஏறும். பித்த அடைப்பிலும் ஏறும். காமாலையோடு எடுத்த எண்ணை வைத்துப் பயப்படாமல், அடைப்பை எடுத்து பிலிருபின் இறங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உடம்பே இதைத் தயாரிக்காது; அவர்களிடம் எண் எப்போதும் சுழியத்தை ஒட்டித்தான் இருக்கும். குரோமோகிரானின் ஏ என்ற நியூரோஎண்டோகிரைன் குறியீடு முன்பு சொன்ன பேன்டோபிரசோலாலேயே பல மடங்கு ஏறும். அந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுக்காத அறிக்கையைத் தூக்கிப் போடலாம்.

படமும் குறியீடும் ஒன்றோடொன்று முரண்படும்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும். படம் பித்தநாளப் புற்று போல, ஏ.எஃப்.பி. மட்டும் ஆயிரக்கணக்கில் என்றால், இரண்டும் கலந்த கூட்டுப் புற்றாக இருக்கலாம். அதில் ஒரு மூலை ஒரு வகை, மறு மூலை இன்னொரு வகை. ஊசி எந்த மூலையில் இறங்கியதோ அந்தப் பெயர் மட்டும் அறிக்கையில் வரும்.

இனி ஊசி. எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லூசியில் செல்கள் மட்டும் வரும். அபூர்வ வகைக்கு அது போதாது. 18 கேஜ் கோர் ஊசியில் குறைந்தது மூன்று நான்கு சதைக் கீற்றுகள் வேண்டும். எடுக்கும் முன் தட்டணு 50,000க்கு மேல், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5க்குக் கீழ். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் என்றால் பொதுவாக 5 நாள் முன்னதாக நிறுத்துவார்கள். இதய ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. கல்லீரலைப் பார்க்கப் போய் மாரடைப்பில் முடியும். ஊசி நேராகக் கட்டிக்குள் இறங்காமல், கொஞ்சம் நல்ல கல்லீரல் வழியாகப் போய்க் கட்டியைத் தொட வேண்டும். ரத்தம் கசிந்தால் அந்த நல்ல சதை அழுத்தி அடைக்கும், புற்றுச் செல் வழியில் சிந்துவதும் குறையும். நடுவில் அழுகிய பகுதியைக் குத்தினால் ‘செத்த திசு மட்டுமே உள்ளது’ என்று அறிக்கை வரும். ஒளிரும் ஓரத்தில்தான் எடுக்க வேண்டும். கட்டியை அறுத்தே எடுத்துவிட வாய்ப்பு இருந்தால், ஊசி போடும் முன் அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆஞ்சியோசர்கோமா சந்தேகம் என்றால் ரத்தப்போக்கு அபாயம் கூடுதல். ரத்தக்குழாய் அடைக்கும் வசதி உள்ள இடத்தில்தான் தொட வேண்டும். லிம்போமா சந்தேகம் என்றால் சதை எடுக்கும் வரை ஸ்டீராய்டு கூடாது. இரண்டு நாள் டெக்ஸாமெத்தசோனிலேயே செல்கள் கரைந்து பெயர் கிடைக்காமல் போகலாம்.

சதைக் கீற்றுகள் உடனே 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போக வேண்டும், சதையைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில். ஒரே ஒரு கீற்றை மட்டும் தனியாக உப்புநீரில் வாங்கிக் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கல்லீரலில் காசநோய்க் கட்டி அபூர்வம், ஆனால் நம் நாட்டில் அதை விலக்காமல் விட முடியாது. ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழி மூடிவிடும்.

ஊசி முடிந்ததும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வலப்பக்கம் சாய்ந்து படுக்கை, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடியும் பிரஷரும். வலது தோள்பட்டையில் லேசான வலி வழக்கமானது. வலி ஏறிக்கொண்டே போய், நாடி ஓடி, வியர்த்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். ரத்தப்போக்கு வருவதானால் அநேகமாக முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஏற்காட்டுக்காரர்கள் “சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குப் போயிடறோம்” என்பார்கள். கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மயக்கம் வந்தால் அதே இருபது வளைவும் இறங்கித்தான் வர வேண்டும். ஒரு ராத்திரி சேலத்தில் தங்குங்கள், சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ.

பெயர் பிறப்பது நோய்க்குறியியல் மேசையில். முதல் பார்வைக்கு மூன்று நான்கு நாள், அதன் பின் செல்லின் வகையைக் காட்டும் இம்யூனோ சாயங்கள் என்று மொத்தம் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். ஹெப்-பார்1, ஆர்ஜினேஸ்-1 ஒட்டினால் கல்லீரல் செல். சி.கே.7, சி.கே.19 ஒட்டினால் பித்தநாள வகை. சி.டி.31, ஈ.ஆர்.ஜி. ஒட்டினால் ரத்தக்குழாய் வகை. அதோடு கேம்டா1-உம் ஒட்டினால் எபிதீலியாய்டு. சினாப்டோஃபைசின் நியூரோஎண்டோகிரைனுக்கு, சி.டி.20 பெரும்பாலான லிம்போமாவுக்கு. இதையெல்லாம் வீட்டார் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ‘அடினோகார்சினோமா, சி.கே.7 பாசிட்டிவ்’ என்று மட்டும் வந்த அறிக்கையைப் பித்தநாளப் புற்று என்று யாராவது படித்துச் சொன்னால் ஏற்காதீர்கள். கணையத்திலிருந்தோ இரைப்பையிலிருந்தோ வந்ததும் அதே சாயத்தைத்தான் ஏற்கும். அங்கே பிறக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்: மேல் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி, நெஞ்சு சி.டி., கணையத்தைக் குறிவைத்துப் பார்த்த படம், பெண் என்றால் மேமோகிராம். நியூரோஎண்டோகிரைன் வகைக்கும் இதே விதி. கல்லீரலில் காண்பது அநேகமாகக் குடலிலோ கணையத்திலோ பிறந்தது, இந்த வகைச் செல்களை ஒளிர வைக்கும் காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேனில் ஊற்றுக்கண் தெரியும்.

சதையைச் சிக்கனமாகச் செலவிடச் சொல்லுங்கள். பித்தநாளப் புற்று உறுதியானால் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1 என்ற மரபணு மாற்றங்களைத் தேட வேண்டும். அவற்றுக்குக் குறிவைத்த மாத்திரைகள் 2020, 2021 முதல் இருக்கின்றன. இருபது சாயம் போட்டே கீற்று தீர்ந்துவிட்டால் மறுபடி ஊசிதான்.

படுக்கையிலேயே பாதி நாளைக் கழிக்கும் பெரியவருக்கு இத்தனையும் தேவையா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பல நேரம் தேவையில்லை என்பதே. எந்தப் பெயர் வந்தாலும் மருந்து கொடுக்க முடியாத உடம்பு என்றால் வலியையும் அரிப்பையும் கவனிப்பதே சிகிச்சை. லிம்போமா மட்டும் விதிவிலக்கு. அவரைப் படுக்க வைத்தது அந்த நோயே என்றால், மருந்து போனதும் எழுந்து உட்காருவார். இதையெல்லாம் “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்று வாசலிலேயே தடுப்பவர்களுக்கு: கையெழுத்துப் போடுவது அவர், ஊசியின்போது மூச்சை அடக்க வேண்டியவரும் அவர்தான்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முதல் நாளே தேடி எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு; அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் ஆதாரும் வேண்டும்.

வேலூருக்கோ கோவைக்கோ சென்னைக்கோ இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ஃபிலிமை மட்டும் எடுத்துப் போனால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சி.டி.யின் முழுப் படங்களும் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். நோய்க்குறியியல் துறையில் எழுதிக் கொடுத்துக் கண்ணாடித் தகடுகளையும், சதை பதித்த மெழுகுக் கட்டையையும் சேர்த்து வாங்குங்கள். அதன் எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பாருங்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பாகவே உருகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அந்தச் சூடு வரும். பஞ்சில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டு போங்கள்.